வெர்லன் தட்டிய மரம்

திங்கட்கிழமை மாலை ஈரத்தோடு இழுத்துப் பொருத்திய தோல், செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் காய்ந்துவிட்டிருந்தது.

வெளியே மழை நின்றபாடில்லை. நான்கு நாளாக மலை முழுக்க மேகத்துக்குள் கிடந்தது. உப்பு ஜாடியில் நீர் விட்டிருந்தது. கதவுகள் உப்பி நிலையைக் கவ்விக்கொண்டன. அடுப்புக்கு மேலே நூலில் கோத்துத் தொங்கவிட்டிருந்த அவரைக்காய் காய்வதற்குப் பதில் பூசணம் பூத்தது. அந்த ஈரத்தில் தோல் காய இரண்டு வாரமாவது பிடிக்கும், காய்ந்தாலும் தொளதொளவென்றுதான் இருக்கும். ஆனால் சமையலறை மேசையில் கிடந்த பாஞ்சோ என்ற கம்பி வாத்தியத்தின் வட்டத் தோலை ஆர்மிண்டா நகத்தால் ஒரு சுண்டு சுண்டியபோது, கோடை வெயிலில் காயவைத்த முரசு போல அது விண்ணென்றது.

சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். பிறகு, "நல்லதாப் போச்சு, வேலை மிச்சம்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். யாருமில்லாத வீட்டில் இப்போதெல்லாம் அவள் வாய்விட்டுத்தான் பேசினாள். பதினேழு வருஷம் வாய்மூடியிருந்த பாக்கி அவளுக்கு இருந்தது.

இது அவள் செய்யும் மூன்றாவது பாஞ்சோ. முதலாவது கல்யாணமான வருஷமே ஓடைக்குள் போனது. இரண்டாவது, மூன்று வருஷம் கழித்து, அடுப்புக்குள் போனது. அதை வெளியே இழுக்க அவள் கையை விட்டபோது, அவள் கணவன் வெர்லன் அடுப்பின் இரும்புக் கதவைக் காலால் எட்டி மூடினான். இடது கைச் சுண்டுவிரல் அதற்குப் பிறகு மடங்கவேயில்லை. "பிசாசோட பெட்டி என் வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது" என்றான். சபையில் மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அவர்கள் சனிக்கிழமை வாசித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சொன்னார்கள். வெர்லன் ஏழு நாளும் சொன்னான்.

போன மார்ச்சில் வெர்லன் செத்தான். வீட்டுக்கு மேலே சரிவில் ஒரு காட்டுச்செர்ரி மரத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது மரம் பாதியில் பிளந்து, அதன் அடி பின்னுக்கு உதைத்து, அவனை இடுப்போடு சேற்றில் அழுத்திவிட்டது. அவனை வெளியே எடுக்க ஆட்கள் மரத்தை இரண்டாக அறுத்தார்கள். அடித்துண்டு அங்கேயே கிடந்தது. விறகுக்குக்கூட யாரும் அதைக் கேட்கவில்லை. ஏப்ரலில் ஆர்மிண்டா ஆப்பையும் கனத்த மரச் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறி, அந்தத் துண்டைப் பலகை பலகையாகப் பிளந்து, முதுகில் கட்டி இறக்கிப் பரணில் அடுக்கினாள். தொழுவத்தில் நல்ல வால்நட் பலகை இருந்தது. அதைத் தொடவில்லை. இந்த மரம்தான் வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

தோல், அவரைப் பாத்தியை அழித்துக்கொண்டிருந்த ஒரு கிரவுண்ட்ஹாக்கினுடையது. பூனையைவிடக் கொழுத்த, நிலத்தில் வளை தோண்டும் பிராணி. அவளே சுட்டு, அவளே உரித்து, ஈரச் சாம்பலில் புதைத்து மயிரை உதிர்த்திருந்தாள். மேல்பலகையில் வட்டமாக ஒரு துளை. துளைக்கு அடியில் தோல். தோலுக்கு அடியில் மூடிய மரப்பெட்டி. இனிச் செதுக்க வேண்டியது கம்பிகளை முறுக்கும் ஐந்து முறுக்காணிகளும், அவற்றைத் தோலின்மேல் தாங்கும் ஒரு சிறிய குதிரையும்தான்.

செவ்வாய் முழுக்கச் சன்னலோரம் உட்கார்ந்து முறுக்காணி செதுக்கினாள். மழை கூரைப் பலகைமேல் ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது, அடுப்பில் ஈர விறகு சீறிக்கொண்டு புகைந்தது, கத்தியின் கீழ் மரம் சுருள் சுருளாகக் கழன்று மடியில் விழுந்தது. அந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில், நெடுநேரமாக இருந்தும் இப்போதுதான் காதில் ஏறியது போல, இன்னொரு சத்தம் இருந்தது. மூன்று தட்டு. ஒரு மூச்சு நேரம் அமைதி. மறுபடி மூன்று தட்டு.

கத்தியை நிறுத்தினாள்.

மழை மட்டும்.

மேசைக்குப் போய்ப் பாஞ்சோவைத் தூக்கிப் பார்த்தாள். புழு துளைத்த ஓட்டை இல்லை, தூள் இல்லை. மூக்கருகே கொண்டுபோனாள். புதிதாக வெட்டிய செர்ரிக்குக் கசந்த ஒரு இனிப்பு மணம் உண்டு. ஏழு மாதம் பரணில் காய்ந்த பலகையில் அது இருக்கக் கூடாது. இருந்தது. அதற்குப் பின்னால், லேசாக, நனைந்த கம்பளிக் கோட்டின் வாடையும் மெல்லும் புகையிலையின் வாடையும்.

"பூச்சிதான்" என்றாள் உரக்க. அடுப்புப் பக்கத்து ஆணியில் அதை மாட்டிவிட்டு, அந்தப் பக்கம் முதுகைத் திருப்பாமல் மீதி முறுக்காணிகளைச் செதுக்கி முடித்தாள்.

புதன்கிழமை ஜெட்டி வந்தாள். கீழ் வளைவில் இருப்பவள், ஆர்மிண்டாவைவிடப் பத்து வயது மூத்தவள், மலையிலேயே உரத்த சிரிப்புக்காரி. ஒரு ஜாடி மோரை மேசையில் வைத்துவிட்டு, ஈரப் போர்வையை உதறினாள்.

"என்னடி இது, துக்க வீட்டுல மேளம் கட்டிட்டு உக்காந்திருக்க?"

"பாடவே வராதவ எல்லாம் சபையில எந்திரிச்சுப் பாடுறா. எனக்கு வந்தத நான் செய்யுறேன்."

"என்னையத்தான் சொல்ற, தெரியும். கர்த்தருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதான் தைரியமாப் பாடுறேன்." ஜெட்டி சிரித்துக்கொண்டே பாஞ்சோவை ஆணியிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். கட்டைவிரலால் கழுத்தைத் தடவினாள். "வழவழன்னு இருக்கே. எந்த மரம்?"

"செர்ரி."

"எந்தச் செர்ரி?"

ஆர்மிண்டா சன்னல் வழியே மேல் சரிவைப் பார்த்தாள். ஜெட்டியின் கட்டைவிரல் நின்றது. சுடுபாத்திரத்தை இறக்குவதுபோல மெல்ல அதை மேசையில் வைத்தாள்.

"அடிப்பாவி."

"மரம் என்ன பண்ணுச்சு? அது சும்மா நின்னுட்டிருந்துச்சு. அவன்தான் போய் வெட்டினான்."

"இதுல விளையாடாத ஆர்மி. மழை விடுற வரைக்கும் என் வீட்டுக்கு வந்துரு. ரெண்டு பேரும் சேர்ந்து என் புருஷனைத் திட்டிட்டு இருப்போம், பொழுது போகும்."

"பதினேழு வருஷம் இது அவன் வீடு. இப்பத்தான் என் வீடாயிருக்கு. விட்டுட்டு வரச் சொல்றியா?"

ஜெட்டி போர்வையைப் போர்த்திக்கொண்டாள். வாசலில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"இந்த மழையிலயுமா மரங்கொத்தி தட்டும்?" என்றாள். "மூணு மூணாத் தட்டுது பாரு."

அவள் போன பிறகு ஆர்மிண்டா மோரை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. கதவைத் தோளால் முட்டிச் சாத்தினாள். அப்படி முட்டினால்தான் அது மூடும், பலம்கொண்டு இழுத்தால்தான் திறக்கும்.

வியாழக்கிழமை வந்தது லூதர். வெர்லனின் தம்பி. கோவேறு கழுதை மழையில் நிற்க, தொப்பி விளிம்பில் நீர் சொட்டச் சொட்ட, வாசற்படியைத் தாண்டாமல் நின்றான். கெட்டவன் இல்லை. அம்மா சொன்னதைச் சுமந்துகொண்டு வந்து இறக்கிவைக்கத் தெரியாமல் நிற்பவன்.

"அண்ணி. ஜெட்டி யார்கிட்டயோ சொல்லி, அது அம்மா காதுக்கு வந்துருச்சு. அந்த மரத்துலயா செய்யுறீங்க?"

"ஆமா."

"அத எரிச்சுருங்க அண்ணி. இல்ல, என்கிட்டக் குடுங்க. நான் கொண்டுபோய்ப் பொதைச்சுர்றேன்."

"உங்க அண்ணன் ரெண்டு எரிச்சாச்சு. உங்க குடும்பத்துக்கு அது போதும்."

லூதர் தொப்பியைக் கழற்றி, நீரை உதறி, மறுபடி போட்டுக்கொண்டான். "அம்மா ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. அண்ணன் கையில கோடாலி இருந்துச்சு. அடியில மாட்டிக் கெடந்தப்ப அதோட பின்பக்கத்தால மரத்தத் தட்டியிருக்கான். பட்டையே உரிஞ்சு போயிருந்துச்சு, நான் பார்த்தேன். ரெண்டு மேடு தள்ளி எங்க வீட்டு வாசல்ல நின்னப்ப ஏதோ கேட்ட மாதிரி இருந்துச்சுன்னு அம்மா சொல்றாங்க. உங்களுக்கு... இங்கேருந்து கூப்பிடு தூரம்தான் அண்ணி. உங்களுக்கு ஒண்ணுமே கேக்கலயா?"

அவன் நின்ற நேரம் முழுக்க, வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. விறகுகூட வெடிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பெட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுக்கேட்பது போலிருந்தது.

"மரங்கொத்தின்னு நெனச்சேன்" என்றாள் ஆர்மிண்டா.

லூதர் தலையாட்டினான். நம்பினானா என்பது முகத்தில் தெரியவில்லை. கழுதையின் குளம்புச் சத்தம் சேற்றில் அமிழ்ந்து மறைந்தது. அவள் கதவைச் சாத்தினாள்.

தட். தட். தட்.

இம்முறை அது மெல்லிய தட்டாக இல்லை. ஆணியே அதிர்ந்தது. சுவரில் தொங்கிய வாணலி அதோடு சேர்ந்து முனகியது. பாஞ்சோவின் தோல் நடுவில் உப்பி அடங்குவதை, மறுபடி உப்புவதை, உள்ளிருந்து விரல் முட்டியின் அளவுக்கு ஒரு மேடு எழுந்து இறங்குவதை அவள் நின்று பார்த்தாள். முழங்கால் நடுங்கியது. நடுக்கத்தைக் கண்டதும்தான் அவளுக்குக் கோபம் வந்தது. இந்தச் சமையலறையில், இதே இடத்தில் எத்தனை தடவை இப்படி நடுங்கியிருக்கிறாள். அவன் காலடி படியில் ஏறும்போது, தொப்பி ஆணியில் விழும்போது, அவள் பெயரைச் சொல்லாமல் "ஏய்" என்று தொடங்கும்போது.

"தட்டு" என்றாள். "நல்லாத் தட்டு. தோல் தாங்குதான்னு பார்த்துக்கறேன்."

அந்த ராத்திரி அவள் தூங்கினாளா என்பதை விட்டுவிடலாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் நரம்பு ஏற்ற உட்கார்ந்தாள்.

மழை நின்றிருந்தது. அதற்குப் பதில் மேகம் முற்றத்துக்கு இறங்கி வந்து, வேலியையும் தொழுவத்தையும் விழுங்கி, சன்னல் கண்ணாடிக்கு ஒரு முழம் வெளியே வெள்ளையாக நின்றது. பகல்தான். ஆனால் விளக்கேற்றவும் முடியாத, ஏற்றாமல் இருக்கவும் முடியாத பகல். நான்கு கம்பிகளைக் கழுத்தின் நீளத்துக்கு இழுத்துச் சுற்றினாள். ஐந்தாவது குட்டைக் கம்பியைக் கழுத்தின் பக்கவாட்டு ஆணியில் முறுக்கினாள். குதிரையைத் தோலின்மேல் நிறுத்தினாள். கம்பிகள் அழுந்தியதும் தோலுக்கடியில் ஏதோ நகர்ந்து இடம் கொடுத்ததை விரல்நுனியில் உணர்ந்தாள். படுக்கையில் பக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பது போல.

சுருதி கூட்டினாள். முறுக்காணி கிரீச்சிட்டது. தட்டுச் சத்தம் இல்லை. எதுவும் இல்லை.

வலது கையைச் சுருக்கி, நடுவிரல் நகத்தைக் கம்பியின்மேல் கீழ்நோக்கி அடித்தாள். கட்டைவிரல் குட்டைக் கம்பியைக் கொக்கிபோல் இழுத்து விட்டது. பம்-டிட்டி. பிறந்த வீட்டில் எல்லாரும் சுவர் அதிர வாசிக்கும் ஓர் ஆட்டப் பாட்டு. பதினான்கு வருஷமாக வாசித்ததில்லை. மடங்காத சுண்டுவிரல் வழியில் நின்றது. அதை ஒதுக்கிவிட்டு மூன்று விரலால் கழுத்தைப் பிடித்தாள். பம்-டிட்டி. பம்-டிட்டி. ஓசை ஆழமாக, இருட்டாக, இனிப்பாக வந்தது. இதுபோல் ஒரு பாஞ்சோவை அவள் கேட்டதே இல்லை. கண்ணில் நீர் முட்டியது. கால் தானாகத் தரையில் தாளம் போடத் தொடங்கியது.

அப்போது உள்ளிருந்து தட்டினான்.

மூன்று. மூன்று. பாட்டைக் குலைக்கும் விதமாக, தாளத்துக்குக் குறுக்கே. உப்பிய தோல் அவள் விரல் முட்டியில் இடித்தது. அவள் நிறுத்தவில்லை. வேகத்தைக் கூட்டினாள். அவன் வேகமாகத் தட்டினான். அவள் இன்னும் வேகமாக அடித்தாள். வயிற்றில் சாய்த்துப் பிடித்திருந்த பெட்டி குளிர்ந்துகொண்டே போனது. சட்டையின் ஊடாக அந்தக் குளிர் அவள் உடம்பில் ஏறியது.

"கேட்டுச்சு!" என்று கத்தினாள். "உனக்குத் தெரியணுமா? கேட்டுச்சு. மரங்கொத்தி இல்லன்னு எனக்குத் தெரியும். மரங்கொத்தி மூணு மூணா எண்ணித் தட்டாது. வாசல் வரைக்கும் வந்தேன். நின்னு கேட்டேன். உள்ள போய்க் கதவச் சாத்திட்டேன். சோள ரொட்டி சுட்டேன். நீ தட்டிட்டே இருந்த. நான் தின்னுட்டே இருந்தேன். இருட்டினப்புறம் நின்னுருச்சு. அதுக்கப்புறம்தான் உன்னத் தேட லாந்தரை ஏத்தினேன்."

அதைச் சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. எட்டு மாதத்தில் முதல்முறையாக நெஞ்சு முழுக்கக் காற்று நிறைந்தது.

"மறுபடி தட்டினாலும் வரமாட்டேன்" என்றாள்.

உள்ளே தட்டுவது தடுமாறியது. ஒரு தட்டு தவறியது. பிறகு, மெல்ல மெல்ல, மூன்று மூன்றாக இருந்தது இரண்டிரண்டாகி, அவள் கால் விழும் இடத்திலேயே விழத் தொடங்கியது. அவளுடைய தாளத்தில். அவள் சொன்ன இடத்தில். வாழ்க்கையில் ஒரு தடவைகூட அவன் அவள் சொன்ன இடத்தில் நின்றதில்லை. ஆர்மிண்டா சிரித்துவிட்டாள்.

பெட்டி அமைதியானது. தோல் தட்டையானது. குளிர் விலகியது. உள்ளே இப்போது வெறும் காற்றுதான் என்பது ஓசையிலேயே தெரிந்தது. காலியான வீட்டில் பேசினால் குரல் எப்படி ஒலிக்குமோ அப்படி.

அவன் அதற்குள் இல்லை.

கதவில் தட்டினான்.

தட்.

ஆள் தட்டும் உயரத்தில் இல்லை. கதவின் அடியில். தரையிலிருந்து ஒரு சாண் மேலே.

அவள் விரல்கள் போய்க்கொண்டே இருந்தன. பம்-டிட்டி. கண் கதவில். பலம்கொண்டு இழுத்தால் மட்டுமே திறக்கும் உப்பிய கதவு ஓசையில்லாமல், தண்ணீரில் மிதப்பதுபோல, உள்ளே வந்தது. மேகம் வாசலில் நின்றது. வெட்டிய செர்ரியின் மணம். ஈரக் கம்பளி. சேறு.

பின்கதவு இருந்தது. நான்கு எட்டு. பதினேழு வருஷம் அந்தக் கதவு வழியாகத்தான் ஓடினாள்.

ஓடவில்லை.

வாசற்படியின்மேல் ஒரு கை வந்தது. விரல்கள் பலகையைத் தேடின. நகங்களுக்குள் மரப்பட்டை. அவள் கால் தரையில் விழுந்தது. கை ஒரு சாண் முன்னே வந்தது. கால் விழுந்தது. இன்னொரு கை. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத ஒரு பாரம், படியில் உரசி, இழுபட்டு, ஏறியது.

தாளத்தோடு வந்தான். அவள் அடித்தால் நகர்ந்தான்.

ஒருமுறை நிறுத்திப் பார்த்தாள். நின்றான். முகம் தரையிலிருந்து மெல்ல எழத் தொடங்கியது. அவளைப் பார்க்க.

நிறுத்தினால் போதும். அவன் கேட்டது அதுதான். கல்யாணமான வருஷத்திலிருந்து அவன் கேட்டது அது ஒன்றுதான்.

"மாட்டேன்" என்றாள்.

நகத்தை இறக்கினாள். பம்-டிட்டி. முகம் தாழ்ந்தது. கை முன்னே வந்தது. மேசைக் கால். விறகுக் கூடை. கவிழ்ந்தது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. கூட்டினாள்.

"வா" என்றாள். "வா. உனக்காக ஒரு அடிகூட மெதுவா வாசிக்கமாட்டேன்."

நாற்காலியின் கீழே குளிர் பரவியது. ஈரமான ஐந்து விரல்கள் அவள் கணுக்காலைத் தேடி, கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

அந்தக் கையையும் சேர்த்துத் தூக்கி, அவள் காலைத் தாளத்துக்குத் தரையில் அடித்தாள். மறுபடி தூக்கினாள். மறுபடி அடித்தாள்.